கருப்பட்டியை இந்த ஞாயிறு கொண்டுபோக வேண்டாம்

கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்டது. நான் சொல்ல வேண்டியதுதான் வாய்வரை வந்து நின்றுவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு காரில் வந்து கருப்பட்டியைப் பீர்மேட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாய். கண்ணாடிப் பெட்டி வைக்க மேசை வாங்கியாயிற்று, மாமியாரும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார் என்று சந்தோஷமாகப் பேசினாய். நடுவில், "ஏம்மா, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாய். "குக்கர் கத்துது கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. போனில் எழுதி அனுப்பினால் பாதி படிக்கும்போதே நீ கூப்பிடுவாய், நான் மறுபடி குக்கர் என்பேன். அதனால் தாளில் எழுதுகிறேன். இன்று திங்கள், தபாலில் சேர்த்தால் வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிறு அதைக் கொண்டுபோகாதே. நுரையீரலில் சளி கட்டிச் சாகப் பிழைக்கக் கிடந்து இப்போதுதான் தேறி வருகிறது. அதை அந்த நிலைக்குக் கொண்டுபோனது நான். உனக்குத் தெரியாமல் மறைத்ததும் நான்தான்.

நீ கோயமுத்தூரில் வேலை பார்த்தபோது அதைக் கொண்டுவந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பால் பைத்தான் என்றாய், எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கிற குட்டை மலைப்பாம்பு, பயந்தால் கடிக்காது, பந்துமாதிரி சுருண்டுகொள்ளும் என்றாய். உன் அப்பா எட்டி நின்று பார்த்துவிட்டு, "கருப்பட்டி நெறத்துல இருக்குது" என்றார், அதுவே பேராகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாம்புக்கு இமை கிடையாது, காது கிடையாது என்று படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். பாம்பைத் தொட்டதில்லை. ஐப்பசியில் உன் கல்யாணம் முடிந்து நீ மலைக்குக் கிளம்பும்போது, எஸ்டேட் குவார்ட்டர்ஸில் வசதி பார்த்துக்கொண்டு வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை நீங்கள் பாருங்கள் என்று நான்கு பக்கம் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுப் போனாய். விரிப்புக்கு இரண்டு மூட்டை மரச்சீவல். ஈரப்பத மீட்டர் அறுபதுக்குக் கீழே இறங்கக்கூடாது. சட்டை உரிக்கிற சமயத்தில் எழுபது. மரச்சீவலை நனைக்காதே, பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் நான் பாடம் மாதிரி மனப்பாடம் செய்தேன். எழுதியதை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளிடம் நான் எத்தனை தடவை கோபித்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

மார்கழி தாண்டியதும் நம் வடகரப்பதியில் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே கணவாய் இழுக்கிற இழுப்பில் உதடு வெடிக்கும், துவைத்துப் போட்ட சேலை அரைமணியில் மொறுமொறு என்று ஆகிவிடும். மாசி மாதம் மீட்டர் முப்பத்தெட்டில் வந்து நின்றது. நனைக்காதே என்று எழுதியிருந்தும், கொஞ்சம் தெளித்தால் என்ன என்று தெளித்தேன். ஒரு வாரத்தில் மரச்சீவலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அள்ளிக் கொட்டிவிட்டு இரண்டாவது மூட்டையைப் பிரித்தேன், அதையும் அப்படியே கெடுத்தேன். உன்னிடம் சொன்னால் அங்கே இருந்துகொண்டு நீ கவலைப்படுவாய் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

அப்போதுதான் உன் அப்பா அந்த யோசனையைச் சொன்னார். "பாம்பு இருக்கறது புத்துல. புத்து மண்ண உட்டுப்போட்டு மரத்தூளுல போட்டு வெச்சா அதுக்கு எப்புடிப் புள்ள ஒத்துக்கும்?" எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. புத்தகத்திலும் பார்த்தேன், ஆப்பிரிக்காவிலும் இந்தப் பாம்பு கரையான் புற்றுக்குள் ஒதுங்கும் என்று போட்டிருந்தது. நம் தோட்டத்து மூலையில் வேப்பமரத்தடிப் புற்றை நாம் யாரும் கை வைத்துக் கலைத்ததில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி முட்டை வைக்கிற இடம். ஆனால் போன மழையில் ஒரு பக்கம் தானாகவே சரிந்து கிடந்தது. உன் அப்பா கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுச் சரிந்த மண்ணை மட்டும் ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தார். நான் சலித்தேன், மூன்று நாள் வெயிலில் காயப்போட்டேன், பெட்டியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். கருப்பட்டி மூக்கால் முட்டி முட்டி மண்ணைப் புரட்டியதைப் பார்த்ததும், தாய்வீட்டுக்கு வந்தவள்போல் இருக்கிறது என்று நாங்கள் இருவரும் சிரித்தோம். இத்தனை நாளில் அதைப் பார்த்து நான் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால்தான் அதைச் சொல்வதற்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

பங்குனியில் அதன் கண் பால்போல் வெளுத்தது. சட்டை உரிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். முழுசாக ஒரே உறையாக வரும் என்று நீ எழுதியிருந்தாய். வந்தது துண்டு துண்டாக, பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்கிற மாதிரி. வால் நுனியில் வளையமாக ஒட்டிக்கொண்டது, இடது கண்மேல் இருந்த மூடி கழலவே இல்லை. ஈரம் போதவில்லை என்று புரிந்தது. புரிந்ததும் நான் செய்த காரியத்தைக் கேள். மிளகாய் நாற்றுக்கு ஊற்றுகிற பூவாளியை எடுத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். மீட்டரை நீ மூடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாய், அது அறுபத்திரண்டு காட்டியது. நான் மீட்டரைப் பார்த்தேன், மண்ணைப் பார்க்கவில்லை. புற்று மண் களிமண் கண்ணு. காய்ந்தால் ஓடு, நனைந்தால் குழம்பு. மேலே லேசாக உலர்ந்து தெரிய, அடியில் சேறாகி நாறியிருக்கிறது. பாம்பு அந்தச் சேற்றில் வயிற்றை வைத்துக்கொண்டு ஒரு மாதம் கிடந்தது. ஒருநாள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கை விட்டபோது சின்ன விசில்மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது தலையை மேலே தூக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது. உதட்டோரம் நுரை. திருப்பிப் பார்த்தபோது வயிற்றுச் செதில்களில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீ வழக்கம்போல் படம் கேட்டாய். நான் மாசியில் எடுத்து வைத்திருந்த ஒரு படத்தை அனுப்பினேன். "பளபளன்னு இருக்கான்மா, என்னைவிட நீதான் நல்லாப் பாத்துக்கற" என்று பதில் எழுதினாய். அதற்கு நான் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். அடுத்த ஞாயிறும் பழைய படம், அதற்கடுத்த ஞாயிறும். ஏழு வாரம். படம் தீர்ந்துபோய், ஒரே படத்தின் ஒரு ஓரத்தை வெட்டி மறுபடியும் அனுப்பினேன். விடைத்தாளில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனை நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

நுரை கண்ட மறுநாள் மிருகாஸ்பத்திரிக்குத்தான் முதலில் கொண்டுபோனோம். தலையணை உறைக்குள் விட்டு, கூடையில் வைத்து, உன் அப்பா மொபெட் ஓட்ட நான் மடியில் வைத்துக்கொண்டேன். அங்கே இருந்த மலையாளி டாக்டர் நல்ல மனுஷர், உறையை விரித்துப் பார்த்துவிட்டு உடனே கட்டச் சொன்னார். "டீச்சரே, பசுவோ ஆடோ ஆனா நான் நோக்கித் தராம். இதுல எனக்குப் பரிசயம் இல்ல, வெச்சுத் தாமசிக்காதீங்க" என்று, தாமதிக்காமல் கோயமுத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். புற்று மண்ணைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மண்ணத்தான் டீச்சர் எடுத்துட்டு வந்திருக்கீங்க. புத்து அங்கயேதானுங்க இருக்குது" என்றாள்.

பிறகு விளக்கினாள். புற்றுக்குள் ஈரமாக இருப்பது மண்ணால் இல்லை. உள்ளே உயிரோடு இருக்கிற கரையான்கள் அடியிலிருந்து ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன, காற்றுக்கு வழி வைக்கின்றன, வெயில் தாங்கச் சுவர் எழுப்புகின்றன. அவற்றை விட்டுவிட்டு மண்ணை மட்டும் சலித்துக் காயவைத்தால் அது வெறும் களிமண். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற பாடம், எனக்கு அறுபத்திரண்டு வயதில் விளங்கியது. மூன்று நாளுக்கு ஒரு ஊசி என்று பத்து ஊசி. வயிற்றுக்கு மருந்து. விரிப்பு எதுவும் வேண்டாம், வெறும் செய்தித்தாள் போதும், தினமும் மாற்று என்றாள். கண் மூடியை உரிக்கப் பார்க்காதே, ஈரம் சரியாக இருந்தால் அடுத்த சட்டையோடு அதுவே வரும் என்றாள். நான்காவது ஊசியிலிருந்து நானே போட்டேன். உன் அப்பா தலையைப் பிடித்துக்கொள்வார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் திருப்ப மாட்டேன். முன்னெல்லாம் இது நேர்மாறாக இருக்கும்.

ஊசி போடுகிற நாட்களில் எனக்கு உன் ஆறு வயது அடிக்கடி ஞாபகம் வந்தது. உனக்கு நெஞ்சில் இழுப்பு வந்து வந்து போன வருஷம். குளிர்காற்று பட்டுவிடக் கூடாது என்று நான் வீட்டில் அத்தனை சன்னலையும் அடைத்தேன். வாசலில் சேலையைத் தொங்கவிட்டேன். அறைக்குள் எப்போதும் ஒரு சட்டியில் வெந்நீர் ஆவி வந்துகொண்டே இருக்கும். சுவரில் ஈரம் கோத்துக் கறுப்பாகப் படிந்ததைப் பார்த்தும், கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தி மறைத்தேன். உன் இழுப்பு அதிகமானது. கடைசியில் பார்க்க வந்த டாக்டர் உன்னைத் தொடுவதற்கு முன்பே போய்ச் சன்னலைத் திறந்தார். அந்த வருஷம் ஊரிலிருந்து யார் கேட்டாலும் நான் "நல்லா இருக்கறா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பாசம் வைத்த இடத்தில் எல்லாம் மூடி வைப்பதும், மூடி வைத்ததை மறைப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. இது உனக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாம்பு வளர்க்கிற உன் சிநேகிதர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டு. வெட்கம்தான். ஆனாலும் இன்னொரு பெட்டியில் இன்னொன்று சேற்றில் கிடக்க வேண்டாம்.

இனி உன் ஊரைப் பற்றி. இங்கே காற்று காய்ந்து நான் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தேன். அங்கே ஊற்ற வேண்டிய தேவையே இருக்காது. பீர்மேட்டில் ஆடி மாதம் தீக்குச்சிகூடப் பற்றாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே ஆபத்து ஈரம் மட்டும் இல்லை, ஈரமும் குளிரும் ஒன்றாகச் சேர்வது, அதோடு காற்று நகராமல் நிற்பது. ஒரு பக்கம் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு டிகிரி சூடு, மறுபக்கம் இருபத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால், அறுபது எழுபது ஈரத்தை அது தாங்கிக்கொள்ளும். கரண்டு போய்ப் பெட்டிக்கு அடியில் இருக்கிற சூட்டு விரிப்பு அணைந்தால் அதே ஈரம் நெஞ்சில் இறங்கும். மழையில் அங்கே எத்தனை மணி நேரம் கரண்டு போகும் என்று எனக்குத் தெரியாது. இன்வெர்ட்டரில் அந்த ஒரு இணைப்பை மட்டுமாவது சேர்க்க முடியுமா என்று மாப்பிள்ளையைக் கேள். பெட்டியின் மூடியை முழுசாக அடைக்காதே, பக்கவாட்டுத் துளைகளை மறைக்கிற மாதிரி சுவரோடு ஒட்டி வைக்காதே. மீட்டர் இரண்டு வேண்டும், இரண்டும் பாம்பு படுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். மூடியோரம் வைத்த மீட்டர் மூடியைப் பற்றித்தான் சொல்லும்.

விரிப்புக்கு மாப்பிள்ளை எஸ்டேட்டிலிருந்தே ஒரு சாக்கு மரச்சீவல் தருவதாகச் சொன்னார் என்றாய். தேயிலை ஃபாக்டரி அடுப்புக்கு வெட்டுகிற யூகலிப்டஸ் மரம்தானே அது? அது வேண்டாம். வாசனை வருகிற எந்த மரச்சீவலும் பாம்பின் மூச்சுக்கு ஆகாது, டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் மாமியார் போன வாரம் என்னைக் கூப்பிட்டிருந்தார். "மைனி, அது வாரதுல எனக்கு ஒண்ணுமில்ல. குளுருக்கு அடுப்பங்கரையில ஒரு ஓரமா வச்சுக்கிடட்டும், பாவம், சூடா இருக்கும்லா" என்றார். பயந்துகொண்டிருந்தவர் இப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய மனசு. ஆனால் விறகுப் புகையும் கூடாது. இதை நீ சொன்னால் அவருக்கு முகம் வாடும், நானே பேசிப் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மரச்சீவலுக்குப் பதிலாகத் தேங்காய் மட்டைத் துண்டு நான் தயார் செய்து வைத்திருக்கிறேன். நார் மில்லிலிருந்து வாங்கி, துண்டாக நறுக்கியது பாதி, தூள் பாதி. நேரடியாகப் போடக்கூடாது, உப்பும் சாயமும் இருக்கும். தண்ணீர் தெளிந்து வரும்வரை ஐந்து தடவை அலசினோம். "நாத்துக்கே கழுவித்தான போடறோம்" என்று உன் அப்பா சலிக்காமல் தொட்டியில் நின்று மிதித்தார். அதை உலர்த்தி இரண்டு மூட்டை கட்டியாயிற்று. போடும்போது அடியில் மட்டும் லேசாக ஈரம், மேலே உலர்ந்திருக்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடி. உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டுகூட வரக்கூடாது. சொட்டினால் வெளியே எடுத்துக் காயவை. வாரம் ஒரு முறை கையை அடிவரை விட்டுப் பார், முகர்ந்து பார். அங்கே ஒருவேளை மழை மாதங்களில் வெறும் செய்தித்தாளும், ஒளிந்துகொள்ளும் டப்பாவுக்குள் மட்டும் கொஞ்சம் ஈரப் பாசியும் போதுமாக இருக்கலாம். அதை நீ பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் எழுதியதை மனப்பாடம் செய்யாதே.

டாக்டர் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறாள். கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு முறை இரை எடுக்க வேண்டும், ஒரு முறை சட்டையை முழுசாக உரிக்க வேண்டும். அதுவரை இடத்தை மாற்றக் கூடாது. இதுவரை ஒரே முறை இரை எடுத்திருக்கிறது, பத்து நாள் ஆகிறது. சட்டை இன்னும் உரிக்கவில்லை. பொள்ளாச்சி, உடுமலை, தேனி, குமுளி என்று ஆறேழு மணி நேரம் காரில் குலுங்கி, அந்த மழையில் போய் இறங்கினால் அது தாங்குமா என்று கேட்டேன். தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்றாள். உன் பாம்பு, உன் பேரில்தான் பதிவுக் காகிதம் இருக்கிறது. கொண்டுபோகக் கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, நான் செய்து வைத்த காரியத்துக்கு அப்புறம் சுத்தமாக இல்லை. கோபம் வந்தால் கோபப்படு. இனி உங்களிடம் எதையும் விட்டுவைக்க மாட்டேன் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே. ஞாயிறு வா. வெறும் கையோடு திரும்பிப் போ. ஆவணி பிறக்கட்டும்.

இன்று காலை அதை வெளியே எடுத்தேன். துண்டு சுற்றாமல், வெறும் கையால். மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் காட்டிக்கொடுத்த மாதிரி தலையைக் காதோரம் பிடித்து மூச்சைக் கேட்டேன். உன் அப்பாவை மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன், அவர் தானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். இருபது மூச்சு எண்ணினேன். பதினெட்டு சுத்தமாக இருந்தது. இரண்டில் ஏதோ லேசாக உரசியது, அதனுடையதா என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கை கால் கழுவிவிட்டு, எங்களிடம் எதுவும் பேசாமல், முதலில் போய் நீ கேட்டுப் பார்.

அம்மா